கோடாலி ராஜாவின் வலது கை

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் புதுசைக் கண்டால் ஆவதில்லை. புத்தம் புதுக் கால்சட்டையை முழங்காலில் கிழித்து விற்கிறான் ஒருத்தன். அதை வரிசையில் நின்று வாங்குகிறான் இன்னொருத்தன். நேற்று செய்த மேசையை உளியால் நாலு கொத்துக் கொத்தி, பழசு என்று பெருமையாகப் போட்டு உட்காருகிறார்கள். கேட்டால் அதுதான் அழகாம். நேர்த்தியாக ஒன்றைச் செய்து முடித்தால், அதன் தலையில் மண்ணை அள்ளிப் போடாமல் இவர்களுக்குச் சோறு இறங்காது.

டிங்கருக்கு இந்த எரிச்சல் தெருவில் போகிறவர்களைப் பார்த்து வரவில்லை. சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கட்டைவிரல் உயரத்தில், பச்சைத் தோலும் ஒற்றைக் கொம்புமாக நின்றுகொண்டிருந்த ஒரு ராட்சசனைப் பார்த்து வந்தது. அவனுக்குக் கோடாலி ராஜா என்று பெயர்.

ஐம்பது வருஷம் வண்டிப் பட்டறையில் கிடந்தவர் அவர். நெளிந்த கதவை நிமிர்த்துவது, துருவைச் சுரண்டுவது, பள்ளத்தில் பட்டிக் குழம்பை அப்பி மேடாக்குவது, உப்புத்தாள் போட்டு இழைத்து பெயின்ட் அடிப்பது. டிங்கர், டிங்கர் என்று கூப்பிட்டே பழகி, சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். யாரையும் நம்ப மாட்டார். பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியைக்கூட நம்பாமல் மோந்துதான் பார்ப்பார்.

மகள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். மாப்பிள்ளைக்குக் கப்பல் வேலை, வந்தால் உண்டு. மாலையில் கடையிலிருந்து வந்ததும் அவள் கையைக் கழுவிக்கொண்டு, தலையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்ட உட்கார்ந்துவிடுவாள். இதை வைத்துப் பெரியவர்கள் விளையாடுகிறார்களாம். குழந்தைகள் இல்லை, மீசை நரைத்தவர்கள். மேசைமேல் அட்டைக் கோட்டை கட்டி, இரண்டு பக்கமும் பொம்மைப் படையை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிறார்களாம்.

டிங்கர் சகித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சின்ன பாட்டில் ஒன்றைத் திறந்து, கோடாலிமேல் அவள் எதையோ தொட்டுத் தொட்டு வைத்தாள்.

"என்னம்மா அது?"

"துரு."

"எது?"

"துருப்பா. இதை வெச்சாத்தான் கோடாலி பல சண்டை பார்த்த மாதிரி இருக்கும்."

"துருவை பாட்டில்ல போட்டு விக்கறான்?"

"ஆமா."

"அதை நீ வாங்கறே?"

"ஆமாப்பா. கொஞ்சம் கை ஆடாம இருக்கவிடுங்க."

"பட்டறையில நான் கூட்டித் தள்ளின துருவை மூட்டை கட்டி வெச்சிருந்தா, இன்னிக்கு இந்த உலகத்துக்கே நான்தான் சப்ளை."

அவள் சிரித்தாள். சிரித்தாலும் கை ஆடவில்லை. அதைக் கவனித்தார், ஆனால் சொல்லவில்லை. பிள்ளைகளைப் புகழ்ந்தால் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயது.

அந்த ராஜாவின்மேல் அவள் மூன்று மாதச் சாயங்காலங்களைக் கொட்டியிருந்தாள். கண் இரண்டுக்கு மட்டும் ஒரு வாரம். கண்மணி ஒரு மயிரிழை நகர்ந்தால் ராஜா மாறுகண்ணன் ஆகிவிடுவானாம். ராஜாவைத் தீட்டித் தரக் கேட்டது கணக்கு வாத்தியார் ஒருவர். ஆட்டக்காரர்களில் ஒரு அணிக்குத் தலைவர். "ராஜா எனக்குப் பிடிச்சிருந்தா, படை நாப்பது பேரையும் உங்ககிட்டயே தர்றேன்" என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம்.

சனிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று சொன்னாள்.

"அப்பா, ராஜாவைத் தொடாதீங்க."

"எனக்கு வேற வேலை இல்லை பாரு."

"தொட்டே ஆகணும்னா உடம்பைத் தொடக் கூடாது. கீழ இருக்கற மூடியைப் பிடிக்கணும். கை எண்ணெய் பட்டா பெயின்ட் போயிடும்."

ராஜா நின்றது ஒரு பழைய மருந்து பாட்டில் மூடியின்மேல். மூடியைப் பிடித்துத் திருப்பித் திருப்பித்தான் வர்ணம் தீட்டுவாள். அதன்மேல் அவனைப் பசைக்களிமண் வைத்து அமுக்கியிருந்தாள்.

பதினோரு மணி வரைக்கும் டிங்கர் யோக்கியராக இருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கோடாலி கண்ணை உறுத்தத் தொடங்கியது. துரு நட்டநடு முகத்தில் இருந்தது. எந்த ஊர் இரும்பிலும் துரு நடு முகத்தில் முதலில் பிடிக்காது. ஓரத்தில் பிடிக்கும், இணைப்பில் பிடிக்கும், தண்ணீர் தேங்குகிற மூலையில் பிடிக்கும். ஐம்பது வருஷம் துருவோடு குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா? ஜன்னல் வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தார்.

மகள் சொன்னபடி மூடியைத்தான் பிடித்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அடுத்தவர் பேச்சைக் கேட்டார், அங்கேதான் வினை. சாயங்காலம் கொடுக்க வேண்டுமே என்று காலையிலேயே அவள் களிமண்ணை வழித்துவிட்டு, ராஜாவைச் சும்மா மூடிமேல் உட்கார்த்தி வைத்திருந்தாள். டிங்கர் மூடியைச் சாய்த்தார். மூடி கையில் இருந்தது. ராஜா தரையில் இருந்தான். கோடாலி பிடித்த வலது கை, குளிர்ப்பெட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"அட சண்டாளா" என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

தரையில் குப்புறப் படுத்து, துடைப்பக் குச்சியால் துழாவி, ஒட்டடையோடு கையை வெளியே எடுத்தார். மேசை இழுப்பறையில் சட்டென்று ஒட்டுகிற பசை இருந்தது. ஒரு சொட்டு போதும் என்று அதிலேயே எழுதியிருந்தது. எழுதியதை நம்புகிறவரா அவர்? மூன்று சொட்டு விட்டார். கையை வைத்து அமுக்கி இருபது எண்ணினார். கை ஒட்டிக்கொண்டது. கூடவே டிங்கரின் கட்டைவிரலும் ராஜாவின் முழங்கையோடு ஒட்டிக்கொண்டது.

இழுத்துப் பார்த்தார், வரவில்லை. ஊதிப் பார்த்தார். வெந்நீரில் வைக்கலாமா என்று யோசித்தார். ராஜா அவர் கட்டைவிரல் நுனியில் தொங்கியபடி, ஒரு வாரம் செலவழித்துத் தீட்டிய அந்தக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறைக்காரனுக்கு எந்தச் சிக்கலுக்கும் மருந்து ஒன்றுதான். கட்டிலுக்கடியில், பெயின்டைக் கரைக்கிற பழைய தின்னர் டப்பா இருந்தது. பஞ்சில் நனைத்து விரலைச் சுற்றித் தேய்த்தார்.

விரல் வந்துவிட்டது. கூடவே பச்சைத் தோல் வந்தது, நரம்பு வந்தது, தழும்பு வந்தது, கோடாலியின் துருவும் வந்தது. தோளிலிருந்து நுனி வரைக்கும் வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக். ஐந்து விரலாக இருந்தது லேசாக உருகி, ஒரே கையுறையாகிவிட்டது.

டிங்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி பன்னிரண்டரை.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் ஓடி ஒளியவில்லை. தலைக்குமேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. கையைக் கழுவினார், மகளின் பூதக்கண்ணாடியை மாட்டினார், அவளுடைய சின்ன பாட்டில்களை வரிசையாகத் திறந்தார். நிறம் சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வெயிலில் வெளுத்த வண்டிக்கு, வெளுத்த அதே நிறத்தைக் கலந்து அடிப்பார். பச்சையில் ஒரு துளி மஞ்சள், ஈ கால் அளவு கறுப்பு, கொஞ்சூண்டு பழுப்பு. காய்ந்தால் ஒரு மாத்திரை கருக்கும் என்று கணக்குப் பண்ணி, ஒரு மாத்திரை வெளிறக் கலந்தார். தோளோடு வைத்துப் பார்த்தார். அச்சு அசல்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை பழகிய வேலை விடுமா? மெல்லிசாக நாலு பூச்சு கொடுத்தார். இடையில் பழைய உப்புத்தாளைக் கிள்ளித் தேய்த்து வழவழப்பாக்கினார். கோடாலிக்கு வெள்ளி அடித்தார். கடைசியில், தின்னருக்குப் பக்கத்திலேயே அடியில் மிச்சம் கிடந்த பளபளப்பு வார்னிஷைத் தடவினார். மூன்று மணிக்கு எட்டி நின்று பார்த்தபோது மனசு குளிர்ந்துவிட்டது. முன்னைக்கு இது எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

ஐந்தரைக்கு மகள் வந்தாள். தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, இந்தக் கைக்கு என்ன ஆச்சு?"

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வண்டிக்காரர் மூன்று தடவை கேட்காமல் எதையும் ஒத்துக்கொள்ளக் கூடாது.

"எந்தக் கை?"

"ஷோரூம் வாசல்ல நிக்கற புது வண்டி மாதிரி பளபளன்னு ஒரு கை இருக்கே, அந்தக் கை."

"வெளிச்சத்துல அப்படித் தெரியும்."

"அப்பா, கைக்கு என்ன ஆச்சு?"

"காலைலேர்ந்து அப்படித்தானே இருக்கு."

"அப்பா." மூன்றாவது தடவை அவள் கேள்வியே கேட்கவில்லை.

"விழுந்துடுச்சும்மா" என்றார் டிங்கர். பிறகு குளிர்ப்பெட்டி, பசை, கட்டைவிரல், தின்னர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ராஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கடையில நான் லென்ஸ் மாட்டறேன். யார் மாட்டினாங்கன்னு யாரும் கேக்கறதில்லை. இது ஒன்னைத்தான் ஒருத்தர் என் கைவேலையைப் பார்த்துட்டு, நீங்களே செய்யணும்னு கேட்டு வந்தாரு. இப்ப இதைப் பார்த்தா, நாப்பது பொம்மையை எவன்பா என்கிட்ட குடுப்பான்?"

டிங்கர் வார்னிஷ் டப்பாவைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார். அழைப்பு மணி அடித்தது.

கணக்கு வாத்தியார் ஒல்லியாக, சட்டைப்பையில் நாலு பேனாவோடு இருந்தார். வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார், சொந்தமாக ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். டிங்கருக்குக் கணக்கு வாத்தியார் என்றாலே ஆகாது. நாலாம் வகுப்பில் அவர் காதைத் திருகியவரும் கணக்கு வாத்தியார்தான். டிங்கர் இவர் முகத்தைப் பார்த்தார். முகம் பாறையாக இருந்தது.

"சார், அந்தக் கை..." என்று மகள் ஆரம்பித்தாள். "எனக்கு ஒரு வாரம் டைம் குடுத்தீங்கன்னா..."

"நாளைக்கு ஆட்டம்மா."

"அவளை ஒன்னும் கேக்காதீங்க" என்றார் டிங்கர். "அவ வேலை சுத்தம். நான்தான் கீழ போட்டேன்."

வாத்தியார் நிமிர்ந்தார். "கீழயா? தரையிலயா?"

"பின்ன, ஆகாசத்துலயா?"

"எவ்வளவு உயரத்துலேர்ந்து?"

"நெஞ்சு உயரம்."

"கை விரிசலா, இல்ல முழுசா வந்துடுச்சா?"

"முழுசா."

"பெயின்ட் வேலையெல்லாம் முடிஞ்ச பிறகா? முடியறதுக்கு முன்னாடியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

விபத்து வண்டியைப் பார்க்க வருகிற இன்ஷூரன்ஸ் ஆள்கூட இப்படிக் குடையமாட்டான். "முடிஞ்ச பிறகுதான்யா! இப்ப என்ன, போலீசைக் கூப்பிடப் போறீங்களா?"

வாத்தியார் எழுந்து வந்து டிங்கரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெரியவரே, நீங்க என்ன காரியம் பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியலை. இவன் செத்துட்டான்!"

"யாரு?"

"ராஜா! ஒரு தடவை செத்தாச்சு!"

பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கட்டம் போட்டு எழுதியிருந்தது. விஷயம் இதுதான். புதிதாக வர்ணம் தீட்டிய பொம்மை முதல் ஆட்டத்திலேயே செத்துவிடுமாம். ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் அறிந்த சங்கதியாம். எவ்வளவு அழகோ அவ்வளவு சீக்கிரம்.

"பதிமூணு புது ராஜாவை இறக்கியிருக்கேன். பதினொன்னு முதல் ஆட்டத்துலயே காலி."

"மிச்சம் ரெண்டு?" என்றார் டிங்கர், தன்னையறியாமல்.

"ஒன்னு பையில வரும்போதே உடைஞ்சு, ஒட்ட வெச்சது. இன்னொன்னை எங்க வீட்டுப் பூனை அலமாரியிலேர்ந்து தள்ளிவிட்டுது. ரெண்டும் கடைசி வரைக்கும் நின்னுது. சாவு ஒரு தடவைதாங்க. அது முன்னாடியே கழிஞ்சுட்டா ஆட்டத்துல வராது."

"பூனைக்கு அடுத்து நானா?"

"நாமளா வேணும்னு போட்டா பலிக்காது. தானா நடக்கணும்."

"நீங்க பிள்ளைங்களுக்குக் கணக்கா சொல்லித் தர்றீங்க?"

"இருபத்திரண்டு வருஷமா."

"நான் நாலாங்கிளாசோட நின்னது நல்லதாப் போச்சு."

மகள் அதற்குள் ராஜாவை மறுபடி மூடிமேல் ஒட்டிவிட்டாள். "சார், ஒரு மணி நேரம் உக்காருங்க. கையை முழுசா எடுத்துட்டு ஒட்டு தெரியாம பண்ணித் தர்றேன்."

"ஐயோ, வேண்டாம்மா! அடிபட்டது தெரியணும். அதுதான் அவனுக்குக் காவல்."

"முடியாது" என்றாள் மகள்.

"முடியவே முடியாது" என்றார் டிங்கர். "அடி தெரியக் கூடாதுய்யா. அதுக்குத்தானே வேலைன்னு பேரு. இடிச்ச வண்டியை இடிக்காத மாதிரி குடுத்தவன் நான். உடைஞ்சதைக் காட்டிக்கிட்டுத் திரியறதுக்கு எதுக்கு ஒரு டிங்கர்?"

அப்பனும் மகளும் ஒரே பக்கம் நிற்பது அந்த வீட்டில் அபூர்வம். வாத்தியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், ஆனால் மசியவில்லை. கடைசியில் மகள்தான் பெருமூச்சு விட்டுத் தூரிகையை எடுத்தாள். பளபளப்பை மங்கடிக்கிற வார்னிஷை முதலில் பூசினாள். காய்ந்ததும், தண்ணீராகக் கரைத்த கறுப்பை முழங்கை மடிப்பிலும் விரல் சந்திலும் ஓடவிட்டாள். தோளில் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி, பூனைமயிர் கனத்தில் ஏழு தையல் போட்டாள். அப்பா இழைத்த கை, கண்ணெதிரே கிழட்டுக் கையாகிக்கொண்டு வந்தது.

நடுவில், தலையைத் தூக்காமலே கேட்டாள். "அப்பா, இந்தப் பச்சை எப்படிப் பிடிச்சீங்க? எனக்கு மூணு நாள் ஆச்சு."

"கண்ணு இருக்கு" என்றார்.

அவர் கலந்த பச்சையை மட்டும் அவள் மாற்றவில்லை. கோடாலிக்குத் துருவை எடுத்தபோது அவர் தொண்டையைச் செருமினார். ஓரமாக, பிடியில் செருகுகிற இடத்தில் மட்டும் வைத்தாள்.

மறுநாள் காலை டயர் கடைக்கு மேலே ஒரு கூடம். கீழே போட்டவர் இல்லாமல் ஆட்டம் ஓடாது என்று வாத்தியார் வண்டியெடுத்து வந்து டிங்கரையும் மகளையும் கூட்டிப்போனார். பத்து மேசை, நாற்பது ஆள். வயிறு பெருத்தவர்கள் எல்லாம் இரும்பு டேப்பை இழுத்து, அட்டை மலைக்கும் பொம்மைக் குதிரைக்கும் நடுவே எத்தனை விரற்கடை என்று அளந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டேப்பைப் பிடிக்கிற விதத்திலேயே ஒருத்தனும் வேலைக்காரன் இல்லை என்று டிங்கருக்குத் தெரிந்துவிட்டது.

வாத்தியாருக்கு எதிரில் ஒரு பேக்கரிக்காரர். அவரிடம் ஒரு சிவப்பு டிராகன், இறக்கையை விரித்து, கண்ணைப் பறிக்கிற அழகு. போன வாரம்தான் முடித்தாராம். மூன்றாவது சுற்றில் டிராகன் நேராக ராஜாவின்மேல் பாய்ந்தது. பேக்கரிக்காரர் ஆறு பகடையை அள்ளினார். மூன்று ஆறு விழுந்தால் ராஜா காலி. மகள் டிங்கரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

உருட்டினார். ஒரு ஆறு. இரண்டு ஆறு. கடைசிப் பகடை ஒரு அட்டை மரத்தில் முட்டி, சுழன்று, ஐந்தில் நின்றது.

கூடத்தின் கூரை பிய்த்துக்கொண்டது. அடுத்த உருட்டில், மங்கிப்போன அந்த ஒட்டுப்போட்ட கையே டிராகனை வெட்டிச் சாய்த்தது. பேக்கரிக்காரர் டிராகனை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "புதுப் பெயின்ட், என்ன பண்ணச் சொல்றீங்க" என்று உதட்டைப் பிதுக்கினார். எல்லோரும் துக்கவீட்டில்போல் தலையை ஆட்டினார்கள். ராஜா கடைசி வரைக்கும் நின்றான்.

வாத்தியார் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மகளின் கையில் வைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் நாற்பது பேர். அவள் பெட்டியைத் திறந்து மூடினாள், மறுபடி திறந்தாள். "தையல் ஏழும் எண்ணிட்டேம்மா" என்றார் வாத்தியார். "ஒன்னுகூடக் கோணலா இல்லை."

டிங்கருக்கு இதில் குறை ஒன்றுமில்லை. பகடை என்றால் ஐந்தும் விழும், ஆறும் விழும் என்று பக்கத்தில் நின்ற ஒருத்தனிடம் சொன்னார். அவன் காதில் வாங்கவில்லை. அவன் கண் டிங்கரின் கையிலேயே இருந்தது.

ஒரு நர்ஸம்மா மெல்ல அருகில் வந்தாள். கையில் பஞ்சுக்குள் சுற்றிய ஒரு சூனியக்காரி. ஊதா அங்கி, பூ வேலை, வர்ணம் இன்னும் வாசனை மாறவில்லை.

"அய்யா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? சும்மாதான்."

"எதுக்கு?"

"உங்க கைராசி. கை வேணாம், ஒரு கால் மட்டும் போனாப் போதும்."

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், ஆளுக்கொரு பெட்டியோடு, டாக்டர் அறை வாசலில் நிற்பதுபோல் அடக்கமாக நின்றார்கள். வேண்டுமென்று போட்டால் பலிக்காது என்பதால், யாரும் போடச் சொல்லவில்லை. பிடித்துக்கொள்ளத்தான் சொன்னார்கள். ஐம்பது வருஷம் நொறுங்கியதை நிமிர்த்தியவரிடம், முழுசாக இருப்பதைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

"உங்க எல்லாருக்கும் வேலைவெட்டி உண்டா?" என்றார்.

"உண்டுங்க" என்றாள் நர்ஸம்மா. "இன்னிக்கு லீவு."

டிங்கர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கூட்டத்தைத் தோளாலேயே விலக்கிக்கொண்டு படிப்பக்கம் நடந்தார்.

"அப்பா, எங்க போறீங்க?"

"காத்து இருக்கற பக்கம்."

படியிறங்கி வந்தால் தெருவோரத்தில் வாத்தியாரின் வண்டி. காலையில் அதிலேயே வந்தும் அவர் கவனிக்கவில்லை. இடது கதவின் வளைவில் வெயிலின் பளபளப்பு ஒரு நூல் இடம் நெளிந்தது. விரல் முட்டியால் தட்டினார். முதலில் தகரச் சத்தம். ஒரு சாண் தள்ளித் தட்டினார். மொத்துச் சத்தம், உள்ளே பட்டி. எவனோ நல்ல கைக்காரன், இடி வாங்கிய கதவை ஒருத்தருக்கும் தெரியாமல் மூடியிருக்கிறான்.

"சொந்த வண்டியில மட்டும் அடி தெரியக் கூடாது" என்றார் டிங்கர், கதவைப் பார்த்து. பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார். பின்னால் மாடியில் மறுபடி பகடை உருண்டது, யாரோ கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.